சுருண்ட நெல் இலை: புழுவா, வறட்சியா?

வளர்ந்த நெற்பயிரில் இலை சுருண்டால் உடனே மருந்து தெளிக்க வேண்டாம். இலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விளிம்புகள் மெல்லிய நூலால் பிணைந்து, உள்ளே புழுவும் பச்சையம் சுரண்டப்பட்ட வெண்கோடுகளும் இருந்தால் அது இலைச்சுருட்டுப் புழு. இவை இன்றி வயலும் காய்ந்திருந்தால், பெரும்பாலும் நீர்ப் பற்றாக்குறையே காரணம்.

இலையைக் குறுக்காக மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், மேல்தோலில் நரம்புகளுக்கு இடையே விசிறி போல் அடுக்கிய பெரிய உயிரணுக்கள் தெரியும். மெல்லிய சுவருடைய இவற்றினுள் பெரும்பகுதி நீரே. நீர் குறைந்ததும் இவை சுருங்கும். இலை உள்நோக்கிச் சுருண்டு, நீர் ஆவியாவதைக் குறைக்கும்.

நண்பகலில் சுருண்ட இலை மறுநாள் காலையிலும் விரியாவிட்டால் வறட்சி கடுமை என அறியலாம். கதிர் வரும் பருவத்தில் இந்நிலை நீடித்தால் பதர் மிகும். எனவே தாமதமின்றி நீர் பாய்ச்ச வேண்டும்.