நடையும் நூலும்: சிங்கப்பூர்க் கலைச்செயற்பாடும் தமிழ் நெசவு மரபும்

முன்னுரை

தமிழில் 'நடை' என்னும் சொல் காலால் நடத்தலையும் எழுத்தின் பாங்கினையும் குறிக்கும். 'நூல்' என்னும் சொல் இழையையும் ஏட்டினையும் குறிக்கும். நூல் இயற்றுதலைப் பஞ்சு நூற்றலோடு ஒப்பிடும் நன்னூற் பாயிரம், பஞ்சினைச் சொல்லாகவும் கதிரினை மதியாகவும் கொள்வதைத் தமிழாசிரியர் அறிவர். நடத்தலும் இழைத்தொழிலும் இன்றைய காட்சிக்கலையில் பெறும் இடத்தைத் தமிழ் நெசவு மரபோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலையாகிய நடை

1967இல் ஆங்கிலேயக் கலைஞர் ரிச்சர்ட் லாங், புல்வெளியில் ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் நடந்து, பதிந்த கோட்டினையே படைப்பாக்கினார். சிங்கப்பூரில் அமாண்டா ஹெங் 1999இல் தொடங்கிய நடை நிகழ்த்துதலில், பங்கேற்றோர் குதியுயர்ந்த காலணியை வாயிற்கவ்வி, கைக்கண்ணாடியில் வழிபார்த்துப் பின்னோக்கி நடந்தனர். 1997ஆம் ஆண்டின் ஆசிய நிதிநெருக்கடியை அடுத்துப் பெண்கள் வேலையிழந்தமையும், வேலையைக் காத்துக்கொள்ளத் தோற்றப்பொலிவை நாட நேர்ந்தமையும் இதன் பின்னணியாகும்.

கொரியக் கலைஞர் கிம்சூஜா நடையையும் தையலையும் ஒன்றாகக் கண்டவர். தோக்கியோவில் நடப்பதற்கென்றே சென்ற அவர், மக்கள்நெரிசலின் நடுவே அசையாது நின்றுவிட்டார். 1999 முதல் 2001 வரை தில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் இந்நிற்றல் காணொளியாகப் பதிவுற்றது. இதில் உடல் ஊசியாகவும் மக்கள்கூட்டம் துணியாகவும் அமைகின்றன.

பாவடியும் தேக்காவும்

இவ்விணைப்பு தமிழ்மரபிற்குப் புதிதன்று. நெசவாளர் வாழும் ஊர்களில் பாவினை நீளமாக விரித்துக் கட்டும் திறந்தவெளி 'பாவடி' எனப்படும். வெயில் ஏறுமுன் பாவிற்குக் கஞ்சியிட்டு, அதன் இருமருங்கிலும் நடந்து நடந்து, பாவாற்றி எனப்படும் தூரிகையால் இழைகளை நீவிப் பிரிப்பர். அறுந்த இழையைக் கண்டு முடிவதும் இந்நடையின்போதே நிகழும். எனவே, சேலை தறியேறுமுன்னரே அதனுள் பல நூறு காலடிகள் அடங்கிவிடுகின்றன எனலாம்.

இச்சேலை சிராங்கூன் சாலைக் கடைகளை அடையும்போது அந்நடை மறைந்து, விலை மட்டுமே எஞ்சுகிறது. தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் ரவிக்கை தைப்போரும் சேலைக்கு ஓரமடிப்போரும் அத்தொழிலின் இறுதிக் கண்ணியாவர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தற்காலக் கலை மையம் 2014இல் தொடங்கியது போன்ற, கலைஞர் தங்கிப் பணியாற்றும் திட்டங்களால் நகருக்கு வருவோர் பலர் உள்ளனர். அவர்களுள் ஒருவர் நடந்து, துணி திரட்டித் தைப்பாராயின், அது கலை எனப் போற்றப்படும். அதே தையலை நாள்தோறும் செய்யும் கையோ கூலிக்கையாகவே எண்ணப்படுகிறது. இவ்வேறுபாடு செயலின் தன்மையால் எழுந்ததன்று. செய்வோரின் பெயர் பதிவுறுவதாலும் பதிவுறாமையாலும் எழுந்ததாகும்.

முடிவுரை

கலைஞரின் பங்களிப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை; பழகிப்போனதை மீளக் காணச் செய்வது அவர்தம் பணி. எனினும் பாவு, ஊடை, இழை, பனுவல் ஆகிய சொற்களை ஏட்டளவில் மட்டும் கற்பிக்கும் நாமும் அக்கைகளைக் காணத் தவறியவர்களே. 2015இல் திறக்கப்பெற்ற இந்திய மரபுடைமை நிலையம் அமைந்துள்ள கேம்பல் லேனிலிருந்து தேக்கா வரை மாணவரை நடத்திச் சென்று, தையற்கலைஞரிடம் தொழிற்சொற்களைக் கேட்டு, சொன்னவர் இசைவுடன் அவர் பெயரோடு பதிவுசெய்யும் பயிற்சி ஒன்றை நம் பாடத்தில் சேர்க்கலாம். நன்னூற் பாயிரத்தின் உவமை அப்போது மாணவர்க்கு உயிர்பெறும்.