ஓட்டை எங்கே என்று ஓசை சொல்லும்

மார்கழிக் காலை ஒன்றில் எங்கள் வீட்டுக் கார் டிராக்டர் போல உறுமிக்கொண்டு கிளம்பியது. தெருமுனை மெக்கானிக் அடியில் குனிந்து பார்க்கவில்லை. "சைலன்சர் போச்சு சார், மாத்திடலாம்" என்றார். மாற்றுவதற்கு முன் ஒரு நாள் அவகாசம் கேட்டு, வண்டியை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்தேன். இந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை புகையைக் கக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 முறை. ஒவ்வொரு முறையும் வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போலப் பல மடங்கு. அந்தப் புகை குழாய்க்குள் பாய்கிற அதிர்வுதான் நமக்கு உறுமலாகக் கேட்கிறது.

அதை அடக்கும் சைலன்சர் வெறும் தகர டப்பா அல்ல. உள்ளே தடுப்பறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. குறுகிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் புகும் ஒலியலையில் ஒரு பகுதி திரும்பி வந்து, பின்னால் வரும் அலையோடு மோதும். ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழும் இடத்தில் இரண்டும் அடங்கிப் போகும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, சைலன்சர் எல்லா வண்டிக்கும் கட்டாயம் என்று சொல்லும்போது இந்த விரிவறையையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் புகை அந்த அறைகளுக்குப் போய்ச் சேர்ந்தால்தானே அடங்கும்? வழியில் ஓட்டை விழுந்தால் சைலன்சர் புத்தம் புதிதாக இருந்தும் பயனில்லை.

வழி நீளமானது. எஞ்சினை ஒட்டி மேனிஃபோல்டு, அடுத்து கேட்டலிடிக் கன்வர்ட்டர், நடுக்குழாய், கடைசியில் சைலன்சர். எந்த இடம் என்பதைச் சத்தத்தின் ஜாதியே காட்டிக்கொடுக்கும். தகர டப்பாவில் சில்லறை போட்டுக் குலுக்கியதுபோல் கேட்டால், வெப்பத்தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது. துருப்பிடிக்காத கிளாம்ப் ஒன்றால் இறுக்கிவிடலாம். வேகத்தடையில் 'டொக்' என்று இடித்தால், குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்திருக்கும். புது ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தள்ளினால் ஏறிக்கொள்ளும்.

மிகவும் ஏமாற்றுவது 'டிக் டிக்' சத்தம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் பக்கமிருந்து கேட்கும், சூடேறியதும் மறைந்துவிடும். மேனிஃபோல்டின் விரிசலோ எரிந்த கேஸ்கட்டோ காரணம். உலோகம் சூட்டில் விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்கிறது. பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி ஊமையாகிவிடுவதால் பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். இந்த இடத்து ஓட்டை பெட்ரோலையும் தின்னும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே இழுபட, ஆக்சிஜன் சென்சார் எரிபொருள் போதவில்லை என்று கணக்கிட, கணினி இன்னும் ஊற்றச் சொல்கிறது.

எங்கள் காரில் டிக் டிக் இல்லை, உறுமல் மட்டுமே. திறந்த வெளியில் நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்தோம். கனமான ஈரத்துணியை மடித்து, கையுறையோடு என் தம்பி புகைவாயில் சில நொடி பொத்திப் பிடித்தான். வெளியேற வழியில்லாத புகை, நடுக்குழாயும் சைலன்சரும் சேரும் இணைப்பில் 'உஸ்ஸ்' என்று பீறிட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இணைப்பைச் சுற்றி மை தீட்டியதுபோல் கரிக்கோடு. கேஸ்கட் எரிந்து உதிர்ந்திருந்தது.

துருவேறிய போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லத் திருகிக் கழற்றினோம். புது கேஸ்கட், புது போல்ட்டுகள். குழாயில் சின்னப் பொத்தல் என்றால் சூடு தாங்கும் எக்ஸாஸ்ட் பேஸ்ட்டும் பட்டையும் சில காலம் தாங்கும். சாதாரண எபாக்சி அந்தச் சூட்டில் கருகிவிடும். தகடே அரித்திருந்தால் வெல்டிங் பட்டறைதான் வழி.

சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டலாமே என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. உட்காரும் இடத்துக்கு நேர் கீழே கசிகிற புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். நின்ற காரில் ஏசி போட்டுத் தூங்கியவர்கள் எழாமலே போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். மூடிய ஷெட்டுக்குள் இந்தச் சோதனைகளைச் செய்யவே கூடாது.

வேலை முடிந்து மறுபடி துணியைப் பொத்தினோம். இணைப்பில் சத்தமில்லை. ஆனால் சைலன்சரின் அடிவயிற்றில் ஊசி முனையளவு துளையிலிருந்து மெல்லிய சீறல். "இங்கயும் ஓட்டை இருக்குண்ணா, பேஸ்ட் வெச்சு அடைச்சிடலாமா?" என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பக்கத்துக் கடைக்குப் போய்வரும் தூரத்தில் சைலன்சர் சூடேறாது; ஆவி தண்ணீராகி, புகையின் அமிலத்தோடு சேர்ந்து உள்ளிருந்தே தகட்டை அரிக்கும். அதை வடிக்கத்தான் பல சைலன்சர்களில் தொழிற்சாலையே இந்தத் துளையைப் போட்டு அனுப்புகிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு கறுப்புத் துளி சிமெண்டுத் தரையில் விழுந்தது, பின்னாலேயே இன்னொன்று.