மீன்தொட்டியில் வேரூன்றும் நீர்ச்செடிகளைப் பெருக்குதல்

மானிப்பாய்ப் பகுதியில் வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்போர், கடையில் வாங்கி நட்ட நீர்ச்செடிகள் பத்து நாட்களுக்குள் அழுகிவிடுகின்றன என முறையிடுவதுண்டு. கிணற்று நீரே காரணம் என எண்ணி, செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மீண்டும் வாங்குகின்றனர். ஆனால் எறியப்படும் செடிகளுட் பல உயிருள்ளவை. அவற்றைக் காப்பாற்றி, ஒன்றைப் பலவாக்கும் முறை இத் துண்டுப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது.

தகுந்த செடிகள்

முதலாவது, கிரிப்டோகொரைன் வெண்டி. இது இலங்கைக்கே உரிய செடி. சேம்பு, கருணை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1958இல் ஒல்லாந்துத் தாவரவியலாளர் டி விற் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். நிழலான ஓடைகளில் வளரும் இச்செடி, இன்று உலகின் பல நாடுகளில் மீன்தொட்டிகளை அழகுசெய்கின்றது. விற்பனைக்காக ஓடைகளிற் பிடுங்கப்படுவது இவ்வகைச் செடிகளுக்கு நேர்ந்துள்ள கேடுகளுள் ஒன்று. ஆகவே, வீட்டிற் பெருக்கும் ஒவ்வொரு கன்றும் ஓடையில் ஒரு செடியை விட்டுவைக்க உதவும். இரண்டாவது, நாடா போன்ற நீண்ட இலைகளையுடைய வலிஸ்நேரியா.

நீரும் மணலும்

குடாநாட்டின் அடிப்பாறை சுண்ணக்கல்லாதலால் எமது கிணற்று நீர் வன்னீராகும். இவ்விரு செடிகளும் அதைப் பொறுத்துக்கொள்ளும். எனினும் உவர்ப்பேறிய கிணற்று நீர் கிரிப்டோகொரைனுக்கு ஆகாது. அத்தகைய இடங்களில் மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துக.

கடற்கரை மணலிற் சிப்பித்தூள் கலந்திருப்பதால் அது நீரின் வன்மையை மேலும் கூட்டும். மணலிற் சிறிது வினாகிரியை ஊற்றிப் பார்க்கவும். நுரைத்தெழுமாயின் அம்மணலைத் தவிர்க்கவும். நுரைக்காத பருமணலை நன்கு கழுவி, மூன்று அங்குல ஆழத்திற்குப் பரப்புக.

நடுகைக்குச் செம்மண் மிக உதவும். அதை நீர்விட்டுப் பிசைந்து, சுண்டைக்காயளவு உருண்டைகளாக்கி, நன்கு உலர்த்தி, வேருக்குக் கீழே மணலினுள் ஒவ்வொன்றாகப் புதைக்கவும். புகையிலை, வெங்காயத் தோட்டங்களின் மண்ணை எடுத்தலாகாது; அதில் எஞ்சியுள்ள பீடைநாசினி மீன்களைக் கொல்லக்கூடும். தோட்டப் பசளைகளையும் இடவேண்டாம். எமது கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கெனவே மிகுந்துள்ளது. மேலும் சேர்ப்பின் பாசியே பெருகும்.

கன்று பிரித்தல்

கிரிப்டோகொரைன் மணலுக்குள் கிடைத்தண்டு ஓட்டி, தாய்ச்செடியின் அருகே கன்றுகளை ஈனும். கன்று நான்கு இலைகளும் சொந்த வேர்களும் பெற்ற பின்னரே அதைப் பிரித்தல் வேண்டும். கூரிய, சுத்தமான கத்தியாற் கிடைத்தண்டை வெட்டி, வேர்களை இரண்டு அங்குலமாகக் கத்தரிக்கவும். மணலில் விரலாற் குழியிட்டுச் சற்று ஆழமாக வைத்து, மணலை மூடி, பின்னர் குருத்தின் அடி வெளியே தெரியும்வரை மெல்ல மேலே இழுத்து விடவும். குருத்து புதையுண்டால் செடி அழுகும். கன்றுகளுக்கிடையே மூன்று அங்குல இடைவெளி விடுக.

வலிஸ்நேரியா மணலின்மேல் ஓடிகளை விட்டுப் பரவும். ஓடியிலுள்ள கன்று நான்கு அங்குலம் வளர்ந்து வேரூன்றியதும், இருபுறமும் ஓடியை வெட்டி, மேற்கூறியவாறே நடலாம்.

நாளொன்றுக்கு எட்டு மணித்தியால விளக்கொளி போதும். மேற்கு வெயில் படும் யன்னலருகே தொட்டியை வைத்தல் கூடாது. நீர் சூடேறுவதுடன் பாசியும் படரும்.

இலை கரைதல்

இடம், நீர், ஒளி ஆகியவற்றுள் எது மாறினும் கிரிப்டோகொரைனின் இலைகள் கண்ணாடிபோலாகிக் கரைந்துவிடும். நட்ட சில நாட்களில் இது தொடங்கலாம். இதை எழுதுபவரும் முதன்முறை நட்டபோது, செடி மாண்டதென்று எண்ணி எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தவரே. மணலைச் சிறிது விலக்கித் தண்டைத் தொட்டுப் பார்ப்பின் உண்மை தெரியும். தண்டு உறுதியாயிருப்பின் செடி உயிருடன் உள்ளது. அழுகிய இலைகளை மாத்திரம் அகற்றி, வேரை அசைக்காது விடுக. மூன்று அல்லது நான்கு வாரங்களிற் புதிய இலைகள் தோன்றும். தண்டு குழைந்து நாறினால் மாத்திரமே அதைப் பிடுங்குதல் வேண்டும். இக்காலத்தில் இடம் மாற்றி நடுதல் செடிக்குப் பெருங்கேடு.

மிகுதிச் செடிகள்

செடிகள் பெருகியதும் அயலவருக்குக் கொடுக்கவும். கிணறு, கேணி, குளம், வழுக்கையாறு ஆகியவற்றில் ஒன்றையேனும் எறிதல் கூடாது. 1939இல் கல்வித் தேவைக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா, பின்னர் நாட்டின் வயல்களையும் நீர்நிலைகளையும் மூடியதை நாம் அறிவோம். எமது ஓடைகளில் அருகிவரும் கிரிப்டோகொரைன் பெக்கற்றி என்னும் செடியே, அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்க்கோஸ் ஆற்றிற் களையாகப் பரவி, தோண்டி அகற்றப்பட வேண்டியதாயிற்று. வேண்டாத செடிகளை வெயிலில் நன்கு உலர்த்திய பின்னர் எருக்குழியில் இடுக.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.