கேம்பிங் போக 4×4 ரெடி பண்றீங்களா? முதல்ல எடை மேடைக்குப் போங்க!

சென்னையிலிருந்து ஜி.என்.டி. சாலையில் வடக்கே போனால், கும்மிடிப்பூண்டி தாண்டும் வரை ஒரு போர்டு திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: 'கம்ப்யூட்டர் எடை மேடை'. சிப்காட்டுக்கு இரும்பு ஏற்றி வரும் லாரிகளுக்கானது அது. ஆனால் கூரை மேல் டென்ட், டிக்கியில் ஃபிரிட்ஜ், முன்னால் பெரிய பம்பர் என்று காரை 'செட்' பண்ணி டூர் கிளம்புகிறவர்களுக்கும் இந்த வட்டாரத்தில் அதைவிட உருப்படியான இடம் கிடையாது.

ஏன் என்று பார்ப்போம்.

இந்த ஏரியாவுக்கும் 4×4-க்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. ஒரு காலத்தில் 'பஜேரோ' என்றாலே கெத்து. அந்த மிட்சுபிஷி வண்டிகள் திருவள்ளூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் பூட்டப்பட்டன. இசுஸு நிறுவனம் இந்தியாவுக்கு வந்த புதிதில் அதன் வண்டிகளும் அங்கேயே தயாராகின. 2016 ஏப்ரலில் இசுஸு தனக்கென்று சொந்த ஆலையைத் திறந்தது. இடம், ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டி. கேம்பிங் பிரியர்கள் தேடி வாங்கும் 'வி-க்ராஸ்' பிக்கப் அங்கிருந்துதான் வருகிறது. லாரி, பஸ் டயர் தயாரிக்கும் மிஷெலின் ஆலை பக்கத்திலேயே தேர்வாய் கண்டிகையில் இருக்கிறது.

இத்தனை தொழிற்சாலைகள் இருக்கும் ஊரில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமா? படத்தைக் காட்டினால் போதும், ரூஃப் கேரியரோ பம்பரோ அப்படியே அடித்துக் கொடுத்துவிடுவார்கள். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். 'செய்ய முடியுமா?' என்ற கேள்விக்கு இங்கே எப்போதும் 'முடியும் சார்' என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு: வண்டி தாங்குமா? சட்டம் விடுமா?

வண்டி எவ்வளவு தாங்கும்?

ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு எடைகள் உண்டு. ஆளும் சாமானும் இல்லாமல் வண்டி மட்டும் இருக்கும்போது உள்ள எடை ஒன்று. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு தாண்டவே கூடாத மொத்த எடை இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் 'எடை பட்ஜெட்'. ஆட்களும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

மாருதி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். வெறும் வண்டி சுமார் 1,200 கிலோ. மொத்த எடை வரம்பு 1,545 கிலோ. பட்ஜெட் 345 கிலோ. 'அடேயப்பா, தாராளமா இருக்கே' என்று தோன்றுகிறதா? கணக்குப் போடுங்கள்.

• 75 கிலோ எடையுள்ள இருவர்: 150 கிலோ
• ரூஃப் டென்ட்டும் அதைத் தாங்கும் கேரியரும்: சுமார் 85 கிலோ
• ஃபிரிட்ஜும் உள்ளே உள்ள பொருட்களும்: 30 கிலோ
• இரண்டாவது பேட்டரி (லெட் ஆசிட்): 25 கிலோ
• 40 லிட்டர் தண்ணீர்: 40 கிலோ

மொத்தம் 330 கிலோ. மீதி வெறும் 15 கிலோ. அடுப்பு, பாத்திரம், துணிமணி, டூல்ஸ் எதுவும் இன்னும் ஏறவில்லை! நான்கு பேர் போவதாக இருந்தால் ஆட்களே 300 கிலோ. ரூஃப் டென்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

'ஹெவி டியூட்டி ஸ்பிரிங் போட்டுட்டா லோடு கூடும் சார்' என்று பட்டறையில் சொல்வார்கள். வண்டியின் பின்பக்கம் தொங்காமல் நிமிர்ந்து நிற்கும், அது உண்மை. ஆனால் பிரேக், ஆக்ஸில், சேஸிஸ், டயர் எல்லாம் பழையதுதானே? ஸ்பிரிங்கை மாற்றியதால் கம்பெனி கொடுத்த எடை வரம்பு ஒரு கிலோகூட ஏறாது.

கூரைக்கும் தனி வரம்பு இருக்கிறது. வண்டியோடு வரும் கையேட்டில் அதைப் பார்க்கலாம். அது வண்டி ஓடும்போது தாங்கக்கூடிய எடை. நிறுத்திய பிறகு டென்ட்டில் இருவர் ஏறிப் படுப்பது வேறு கணக்கு, அப்போது கூரை இன்னும் கூடுதலாகத் தாங்கும். ஓடும்போது கூரை மேல் எடை கூடினால் வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே போகும். ஏற்கெனவே உயரமான வண்டி, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் கவிழும் வாய்ப்பு அதிகமாகும்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் எடையை மிச்சம் பிடிக்கலாம். 40 மி.மீ. சதுர இரும்பு டியூப், 2 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்கு சுமார் 2.4 கிலோ. படுக்கை மேடைக்கு 12 மீட்டர் வாங்கினால் இரும்பே 28 கிலோவுக்கு மேல். அதே அளவு அலுமினியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றிதழில், அதாவது ஆர்.சி.யில் ஏறும் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் சேர்த்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிடிபடும்போது பொறுப்பு உரிமையாளருக்குத்தான்.

நடைமுறையில் இது எங்கெல்லாம் இடிக்கும்?

பின் சீட்டைக் கழற்றுவது: கேம்பிங் வீடியோக்களில் சர்வ சாதாரணமாகச் செய்வார்கள். ஆனால் இருக்கைகளின் எண்ணிக்கை ஆர்.சி.யில் இருக்கும் விவரம். சீட்டை மடக்கி, அதன் மேல் மேடை போடுங்கள். கழற்றாதீர்கள்.

புல் பார்: முன்னால் இரும்புக் கம்பி பம்பர் மாட்டுவது பிரிவு 52-க்கு முரணானது, நடவடிக்கை எடுங்கள் என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. பாதசாரி மீது மோதினால் காயம் மோசமாகும். மோதலின் வேகத்தை உணர்ந்து ஏர்பேக்கைத் திறக்கும் சென்சாரின் வேலையையும் அது கெடுக்கலாம்.

முன்னால் ஸ்பாட் லைட்: மத்திய மோட்டார் வாகன விதி 111-ன் படி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கூடாது. முகாம் இடத்தில் வெளிச்சம் வேண்டுமென்றால் கழற்றி மாட்டும் விளக்கு போதும்.

டயர்: விட்டம் 5 சதவீதம் கூடினால், மீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட 5 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். அதே மாடலின் ஏதாவது ஒரு வேரியன்ட்டுக்குக் கம்பெனி கொடுக்கும் அளவுக்குள் இருப்பது நல்லது. சைஸை ஏற்றுவதைவிட, அதே சைஸில் 'ஆல் டெரெய்ன்' ரக டயர் போடுவது செலவும் குறைவு, தொல்லையும் குறைவு.

பொதுவாக ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: வெட்டாமல், வெல்டிங் வைக்காமல், போல்ட்டைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிட வேண்டும். ஃபிரிட்ஜ், படுக்கை மேடை, தண்ணீர் கேன், ஜன்னல் கொசுவலை எல்லாம் இந்த வகைதான். விலை உயர்ந்த பொருட்களை இன்ஷூரன்ஸ் பாலிசியில் 'எலக்ட்ரிக்கல்', 'நான்-எலக்ட்ரிக்கல்' ஆக்சஸரிஸ் என்று சேர்க்கலாம். சேர்க்காமல் விட்டுவிட்டு, விபத்துக்குப் பிறகு வாதாடிப் பயனில்லை.

ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் எப்படி?

40 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது ஏறக்குறைய 45 வாட் இழுக்கும். நம்ம ஊர் வெயிலில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 540 வாட் மணி. 12 வோல்ட்டில் அது 45 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். ஆக, அது ஒரு நாளைக்குத்தான் வரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் கிட்டத்தட்ட இரண்டு நாள் வரும், எடையும் பாதிதான். ஆனால் அதை இன்ஜின் சூட்டில் வைக்கக் கூடாது, கேபினுக்குள் இறுக்கமாகக் கட்டி வைக்க வேண்டும். 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 400 வாட் மணி கொடுக்கும். ஃபிரிட்ஜின் தேவையில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டு விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஒன்று, பேட்டரியிலிருந்து கிளம்பும் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். வயர் எங்காவது தேய்ந்து பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். இரண்டு, 'டிசி டு டிசி' சார்ஜர். இப்போது வரும் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய பாணி ரிலே வைத்தால் இரண்டாவது பேட்டரி முழுதாக ஏறவே ஏறாது.

வண்டிக்குள் தூங்கலாமா, சமைக்கலாமா?

தூங்கலாம், ஆனால் இன்ஜினை நிறுத்திவிட்டு. ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குவது உயிரோடு விளையாடுவது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் 2 பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார். கொசுவலை மாட்டி, எதிரெதிர் ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்து வைப்பதும், பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேனும் போதும்.

சமையல் என்றால் கண்டிப்பாக வெளியே. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அனுமதியில்லாமல் உள்ளே வைத்திருந்த கேஸ் சிலிண்டர்தான் அதற்குக் காரணம். ஒரு ரயில் பெட்டிக்கே அந்தக் கதி என்றால், காரில் என்ன ஆகும்? கை எட்டும் இடத்தில் 2 கிலோ தீயணைப்பான் ஒன்றும் இருக்கட்டும்.

முதல் டிரிப் எங்கே போகலாம்?

செட் பண்ணிய வண்டியை எடுத்துக்கொண்டு நேராக லடாக் போகாதீர்கள். பக்கத்திலேயே ஓர் இரவு தங்கிப் பாருங்கள். என்ன குறைகிறது, எதைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் தெரியும்.

பூண்டி நீர்த்தேக்கம் வரை போய், அருகிலுள்ள குடியம் குகைகளைப் பார்க்கலாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியுடன் பகலில் நடந்து வர வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் தடா அருவி இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் வரும் ஜனவரி, பிப்ரவரிதான் இந்தப் பகுதிக்கு நல்ல நேரம்.

இரவுத் தங்கலுக்குக் காட்டைத் தேடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு விதிகள் இறுக்கமாகிவிட்டன. வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் வண்டியை விடுவதும், தங்குவதும் குற்றம். உரிமையாளரின் அனுமதியோடு ஒரு தோப்போ, தோட்டமோ போதும். பழவேற்காடு பக்கம் போனால் வண்டியை மணலில் இறக்க வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும்.

கடைசியாக, அந்த எடை மேடை

கிளம்புகிற அன்று டேங்க்கை நிரப்பி, தண்ணீர் பிடித்து, எல்லோரும் ஏறி உட்கார்ந்துகொண்டு மேடை மேல் ஏற்றுங்கள். முதலில் முழு வண்டி. பிறகு முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி இன்னொரு முறை. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பின் ஆக்ஸில் மேல் உள்ள பாரம் கிடைக்கும். லாரி மேடைகள் 5 அல்லது 10 கிலோ படிகளில்தான் காட்டும் என்பதால் கொஞ்சம் இடைவெளி விட்டே கணக்கிடுங்கள்.

சீட்டில் வந்த எண் வரம்புக்குள் இருந்தால், சந்தோஷமா கிளம்புங்க. தாண்டியிருந்தால், கடைசியாக மாட்டியதை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலும் அது இல்லாமலேயே டூர் நன்றாகத்தான் இருக்கும்.