பாக்கெட்டின் படத்தை நம்பி வெள்ளரி போட்டேன்

வெள்ளரி விதை வாங்கும்போது பலரும் செய்யும் தவற்றை நானும் செய்தேன். பாக்கெட்டின் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து வாங்கினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. படித்திருந்தால் ஒரு பருவம் வீணாகியிருக்காது. பாட்டியின் விதையும் கெட்டிருக்காது.

எங்கள் வீடு புஞ்சாக் ஆலாமில், ஒரு வரிசை வீடு. குன்றை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய இடம் என்பதால் வாசலில் கிடப்பது வெறும் செம்மண். மழை பெய்தால் வழுக்கும், வெயில் அடித்தால் செங்கல் போல் இறுகிவிடும். அதனால் நாங்கள் எதையும் பாலிபேக்கில்தான் நடுகிறோம். மண்ணோடு ஆட்டெருவும் தேங்காய் நாரும் கலந்து, ஒரு பைக்கு ஒரு கொடி, ஏற ஒரு வலை. நான்கு ஐந்து கொடிகள் இருந்தால் எங்கள் வீட்டுக்குப் போதும், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

பாட்டி ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டு வந்தபோது அவர் கொண்டுவந்தவற்றில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் இருந்தது. அதற்குள் சாம்பல் கலந்த வெள்ளரி விதை. லயத்து வீட்டின் பின்புறம் போட்டு, காய்த்து, விதை எடுத்து, மீண்டும் போட்டு வந்த வெள்ளரி அது. காய் குட்டையாக, பருமனாக, ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். பிஞ்சில் கறுப்பு முள் இருக்கும். பழுத்தால் செம்பழுப்பாகி வலை விழும். பழுத்ததைப் பாட்டி சாம்பாரில் போடுவார். பிஞ்சை வெட்டி நெத்திலிச் சம்பலோடு வைப்பார். கடையில் இப்படி ஒரு வெள்ளரியை நான் பார்த்ததில்லை.

முதலாம் ஆண்டு முடிந்த விடுமுறையில், செப்டம்பர் கடைசியில், மூன்று வகையைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். ஒன்று, இணையத்தில் வாங்கிய வெளிநாட்டு நீள வெள்ளரி. இரண்டாவது, இங்குள்ள விதைக் கடையில் வாங்கிய எஃப்-1 கலப்பினம். மூன்றாவது பாட்டியுடையது.

முதலில் அழிந்தது வெளிநாட்டு வகை. அக்டோபர் மழை தொடங்கி மூன்றாவது வாரம், வளாகத்திலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் இலையெல்லாம் மஞ்சள் திட்டு. இலை நரம்புகளுக்கு இடையே அடைபட்டுக் கோணல் கோணலாக இருந்தது. காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த பூச்சு போல ஒன்று. இதுதான் அடிச்சாம்பல் நோய். இதை உண்டாக்குவது பூஞ்சை போலத் தெரிந்தாலும் உண்மையில் பூஞ்சை அல்ல. 1840-களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தை உண்டாக்கிய கிருமியின் உறவு. இலை ஈரமாக இருந்தால் போதும், பரவிவிடும். சிலாங்கூரில் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் ஆகிய இரண்டு மழைக் காலங்களும் அதற்குத் திருவிழா. இலை மேல் வெள்ளை மாவு தூவியது போல வந்தால் அது வேறு நோய், சாம்பல் நோய். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாக்கெட்டின் பின்பக்கம் டி.எம்., பி.எம்., சி.எம்.வி. என்று சில எழுத்துகள் இருக்கும். முதலாவது அடிச்சாம்பல் நோய், அடுத்தது சாம்பல் நோய், மூன்றாவது வெள்ளரித் தேமல் வைரஸ். இந்த எழுத்துகள் இருந்தால் அந்த வகைக்கு அந்த நோயைத் தாங்கும் சக்தி உண்டு என்று பொருள். நம் ஊரில் வெள்ளரி போடுகிறவர் முதலில் தேட வேண்டியது டி.எம். என்ற எழுத்தைத்தான். நான் வாங்கிய பாக்கெட்டில் அது இல்லை. இருந்தது 'கண்ணாடி வீட்டுக்கு ஏற்றது' என்ற வரி. மழை படாத கூரைக்கடியில் வளர்க்க உருவாக்கிய வகையை நான் திறந்த வானத்தின் கீழ் போட்டிருக்கிறேன்.

அதே பாக்கெட்டில் இன்னொரு சொல்லும் இருந்தது: மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பது. இதைப் புரிந்துகொள்ள வெள்ளரிப் பூவைப் பார்க்க வேண்டும். சாதாரண வெள்ளரியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும். பெண் பூவின் அடியில் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு குட்டி வெள்ளரி இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு. முதலில் ஆண் பூக்கள்தான் கொத்துக் கொத்தாக வரும், அதிலும் வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் அதிகம். 'பூக்கிறது, காய்க்கவில்லை' என்று கொடியைப் பிடுங்கிப் போடுகிறவர்கள் ஒரு வாரம் பொறுத்தால் போதும். மகரந்தம் ஒட்டும் தன்மை உடையது, காற்றில் பறக்காது. தேனீயோ கெலுலுட்டோ வந்துதான் ஆக வேண்டும். அதுவும் ஒருமுறை வந்தால் போதாது. பூ ஒரு நாள்தான் திறந்திருக்கும். காலை முழுவதும் மழை பெய்தால் தேனீ வராது. காய் ஒரு முனை பருத்து மறு முனை சூம்பிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம், உரக் குறைவு மட்டும் அல்ல.

சில கலப்பினங்களில் பெரும்பாலும் பெண் பூக்களே வரும். காய் அதிகம். ஆனால் ஆண் பூவுக்கு எங்கே போவது? அதனால் விதை நிறுவனங்கள் அதே பாக்கெட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆண் பூ விடும் வேறு வகையின் விதையைக் கலந்து வைப்பதுண்டு. அந்த விதைக்குத் தனி நிறம் பூசியிருப்பார்கள். ஒரே நிறமாக இல்லையே என்று அதை ஒதுக்கிவிட்டால் காயே இருக்காது.

மூன்றாவது வகைதான் நான் வாங்கிய கண்ணாடி வீட்டு வெள்ளரி. இதற்குத் தேனீயே வேண்டாம், விதையில்லாமல் காய்க்கும். தேனீ வந்துவிட்டால்தான் தொல்லை, காய் வயிறு வீங்கிக் கோணிப்போகும். பக்கத்தில் பாட்டியின் கொடி ஆண் பூவோடு நின்றால் கேட்கவே வேண்டாம். நோய் வருமுன் காய்த்த இரண்டும் அப்படித்தான் இருந்தன. ஒன்றைப் பார்த்துவிட்டு அப்பா, "இதையா கூரியரில் வரவழைத்தாய்?" என்று கேட்டார். உயர்மாடி வீட்டில், தேனீ ஏறி வராத பால்கனியில் வளர்க்கிறவர்களுக்கு மட்டும் இந்த வகையைச் சொல்வேன். மழை படாது, தேனீயும் வராது.

கடையில் வாங்கிய எஃப்-1 சிறப்பாகக் காய்த்தது, அதைக் குறை சொல்ல முடியாது. அதன் பாக்கெட்டில் டி.எம். இருந்தது. நட்ட 40-ஆம் நாளுக்குள் பறிக்கத் தொடங்கிவிட்டோம். நாசி லெமாக்குக்கு வெட்டி வைக்க அதைவிட நல்லது வேண்டியதில்லை. முதல்முறை வெள்ளரி போடும் மாணவர்களுக்கு என் பரிந்துரையும் இதுதான்: இங்கேயே விற்கும், டி.எம். குறியுள்ள, இலேசான பச்சை நிற உள்ளூர் வகை. ஜப்பானிய வெள்ளரி ஆசை இருந்தால் அதிலும் டி.எம். பார்த்து வாங்குங்கள். ஜனவரி கடைசியிலோ மே கடைசியிலோ விதைத்தால் காய்க்கும் காலம் பெருமழையில் மாட்டாது. தண்ணீரைக் காலையில் வேரில் ஊற்றுங்கள், இலையில் வேண்டாம். காயும் வேரும் வறண்டால் காய் கசக்கும். பழ ஈ முட்டையிடாமல் இருக்க, பிஞ்சாக இருக்கும்போதே காகிதப் பை மாட்டுங்கள். படித்து முடித்த இந்த நாளிதழே போதும்.

ஆனால் பாட்டியின் விதையைக் கெடுத்ததும் அந்த எஃப்-1 தான். சரியாகச் சொன்னால், அதை அங்கே நட்ட நான்.

பாட்டி வழக்கம் போலத் தன் கொடியில் ஒரு காயைப் பறிக்காமல் விட்டு, பழுக்கவைத்து, விதை எடுத்தார். காய் குட்டை, வெள்ளை, கறுப்பு முள். எந்த மாற்றமும் இல்லை. புது விதை வந்துவிட்டதே என்று நான் பாட்டிலில் இருந்த பழையதைக் கொட்டிவிட்டுக் கழுவி வைத்தேன். உதவி செய்வதாக நினைப்பு.

அடுத்த ஜூனில் அந்த விதையைப் போட்டோம். காய் நீளமாக, கரும்பச்சையாக வந்தது. பாட்டி தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நம்ம வெள்ளரி இல்லம்மா." முள் கறுப்பாகத்தானே இருக்கிறது என்று நான் வாதாடினேன்.

படிவம் 5 உயிரியலில் மெண்டலின் பட்டாணியைப் படித்திருக்கிறோம். எஃப்-1, எஃப்-2, 3:1 என்று கட்டம் போட்டு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பாக்கெட்டில் இருக்கும் எஃப்-1 அதே எஃப்-1 என்பது அன்றுதான் உறைத்தது. இரண்டு வேறு பெற்றோரின் முதல் தலைமுறை அது. தேனீ அதன் மகரந்தத்தைப் பாட்டியின் பெண் பூவில் வைத்திருக்கிறது. காயின் தோலும் சதையும் தாய்ச் செடியுடையவை, அதனால் அந்த ஆண்டு காய் பாட்டியுடையதாகவே இருந்தது. கலப்பு உள்ளே, விதையில் இருந்தது. அது வெளியே தெரிய அடுத்த தலைமுறை வர வேண்டும். கறுப்பு முள் என்னை ஏமாற்றியதும் இதே பாடம்தான். வெள்ளரியில் கறுப்பு முள் ஓங்கு பண்பு, மலாயில் 'டோமினான்' என்று மனப்பாடம் செய்தோமே, அது. வெள்ளை முள் உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். வெள்ளைத் தோல் ஒடுங்கு பண்பு என்பதால் பச்சை வந்து அதை மூடிவிட்டது.

இதில் என்ன பெரிய நட்டம், ஒரு வெள்ளரிதானே என்று கேட்கலாம். வெள்ளரியின் தாயகம் இந்தியா. அதன் காட்டு உறவு இன்றும் இமயமலை அடிவாரத்தில் கசப்புக் காயோடு வளர்கிறது. அமெரிக்க வெள்ளரிகள் அடிச்சாம்பல் நோயில் அழிந்துகொண்டிருந்த காலத்தில், தென் கரோலைனாவில் ஆய்வாளர்கள் எதிர்ப்புச் சக்தியை இந்தியாவிலிருந்து சேகரித்த ஒரு விதையில் கண்டெடுத்தார்கள். அதற்குப் பெயர்கூட இல்லை, பி.ஐ. 197087 என்ற எண்தான். இந்திய விதைக் கடைகளில் நன்கு தெரிந்த 'பாயின்செட்' உட்படப் பல வகைகளுக்கு அது எதிர்ப்பைக் கொடுத்தது. நாற்பது ஆண்டு தாங்கிய அந்த எதிர்ப்பை 2004-இல் புதிய வகைக் கிருமி உடைத்துவிட்டது. மறுபடியும் உலகின் பழைய விதைகளைத் தேடி ஆராய்கிறார்கள். பாட்டியின் வெள்ளரிக்குள் அப்படி ஏதாவது இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அக்டோபர் மழையில் அது நின்றது.

பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் அத்தைக்குப் பாட்டி எப்போதோ கொஞ்சம் விதை கொடுத்திருந்தார். கேட்டோம். மாத்திரை டப்பாவில் 11 விதைகள் இருந்தன, ஐந்து ஆண்டுப் பழையவை. ஈரத் துணியில் சுற்றி வைத்ததில் நான்கு முளைத்தன. ஒன்றை நத்தை தின்றது. மீதி மூன்று.

இந்த முறை பூவைக் கட்டினேன். மறுநாள் திறக்கப்போகும் பூவின் நுனி முந்தின மாலையே மஞ்சளாகிவிடும். ஒரு கொடியில் ஆண் பூ, இன்னொரு கொடியில் பெண் பூ, இரண்டையும் இதழ் திறக்காமல் நூலால் கட்டிவிட வேண்டும். காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். பெண் பூவை மீண்டும் கட்டி, காம்பில் சிவப்பு நூல் அடையாளம். ஏழு பூவில் செய்தேன், இரண்டு காய் நின்றது. முதல் மூன்று தோல்விக்கும் நான் பத்து மணிக்கு எழுந்ததுதான் காரணமாக இருக்கும். மற்ற காய்களைச் சாப்பிட்டோம். சிவப்பு நூல் காயை யாரும் தொடக்கூடாது என்று பாட்டி தம்பியை இரண்டு முறை எச்சரித்தார்.

காய் செம்பழுப்பாகி வலை விழுந்த பிறகும் ஒரு வாரம் விட்டோம். பிறகு விதையைக் கொழகொழப்போடு வழித்து, தண்ணீரில் இரண்டு நாள் புளிக்கவைத்தோம். நாற்றம் சகிக்காது, வாசலில் வையுங்கள். மிதந்ததைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைக் கழுவி நிழலில் காயவைத்தோம்.

போன வாரம் பாட்டி அதைச் சாம்பலோடு கலந்து பாட்டிலில் போட்டார். பாதியை அத்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். கொடுப்பதற்கு முன், பக்கத்து வீட்டில் யாராவது வெள்ளரி போட்டிருக்கிறார்களா என்று பாட்டியே போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்.