பரணில் கிடக்கும் விலையில்லா மடிக்கணினி

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அடுத்த சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளை வழங்கியது. அதே 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி இடத்தில் இருந்த தருமபுரி மாவட்டத்துக்கு இந்தத் திட்டத்தின் அருமை நன்றாகவே தெரியும். பென்னாகரத்திலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். இன்று அவற்றில் பல, ‘ரொம்ப ஸ்லோ’ என்ற ஒரே குற்றச்சாட்டின் பேரில் பரணில் ஏறிவிட்டன. பெரும்பாலும் அந்தக் குற்றத்துக்குக் காரணம் ஒரே ஓர் உறுப்பு. அதை மாற்றிவிட்டால் கணினி மறுபடி உழைக்கும்.

அந்த உறுப்பு ஹார்டு டிஸ்க். தொடக்க கால மடிக்கணினிகளில் 320 ஜி.பி., பின்னர் வந்தவற்றில் 500 ஜி.பி. வட்டுகள் இருந்தன. இவ்வகை வட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேடும் தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர மேலும் 12 மில்லி விநாடி ஆகும். ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் தகவல்களை விநாடிக்கு 60 முறைகூட எடுக்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுகிறது. 2 ஜி.பி. ராம் நிரம்பிவிட்டால், மீதிச் சுமையும் இந்த வட்டின் தலையில்தான் விழும். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி., அதே தேடலைச் சுமார் 0.1 மில்லி விநாடியில் முடிக்கிறது. பிராசஸர் பழையதாகவே இருந்தாலும் கணினி விழித்துக்கொள்வதன் ரகசியம் இதுதான்.

மாற்றுவதும் கடினமல்ல. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடிமூடியின் திருகுகளை நீக்கினால் இரண்டரை அங்குல வட்டு தெரியும். புதிய எஸ்.எஸ்.டி.க்கும் அதே சாட்டா இணைப்புதான். பழைய வட்டு 9.5 மி.மீ. தடிமன், புதியது 7 மி.மீ. என்பதால் ஆடாமலிருக்க ஒரு சட்டம் வைக்க வேண்டியிருக்கலாம். பலரும் தடுமாறுவது வட்டைத் தயார்செய்வதில்தான். பொருத்துவதற்கு முன் புதிய வட்டை யு.எஸ்.பி. வழியாக இணைத்துப் பார்த்தால் திரையில் எதுவும் தோன்றாது. உடனே ‘பழுதான சரக்கு’ என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறார்கள். வெற்று வட்டில் முதலில் பார்ட்டிஷன் அட்டவணை எழுத வேண்டும், அடுத்து பார்ட்டிஷன் பிரிக்க வேண்டும், பிறகு ஃபார்மேட் செய்ய வேண்டும். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால், நிறுவும் மென்பொருளே இந்த மூன்றையும் செய்துவிடும். 256 ஜி.பி. என்று வாங்கியது 238 ஆகத் தெரிந்தாலும் ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ன் மடங்குகளில் எண்ணுகிறது.

பழைய கணினிக்குச் செலவழிப்பது வீண் என்பார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஐ இந்தக் கணினிகள் ஏற்காது என்பதும் உண்மை. ஆனால் லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், இத்திட்டத்தின் மடிக்கணினிகளிலேயே வந்தது. எடை குறைந்த வேறு பல லினக்ஸ் வகைகளும் இலவசம். வீடியோ எடிட்டிங் முடியாது. கட்டுரை தட்டச்சு செய்யவும், போட்டித் தேர்வுக்குப் படிக்கவும், நிரல் எழுதிப் பழகவும் தாராளமாகப் போதும். எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பின்றிச் செத்துப்போகும், தகவலை மீட்க முடியாது என்பது இதைவிட வலுவான மறுப்பு. எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையில், 30 டிகிரி வெப்பத்தில், மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் தொழில் தரநிலை. எனவே ஆண்டுக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைக்க அது ஏற்றதல்ல. அதற்கு விடை கையிலேயே இருக்கிறது: கழற்றிய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், ஒரு யு.எஸ்.பி. உறைக்குள் போட்டுக் குடும்பப் படங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் இரண்டாம் பிரதி எடுத்துவைக்கலாம். மேடுபள்ளச் சாலையில் பையில் குலுங்கும் கணினிக்கோ, அசையும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி.தான் பாதுகாப்பு.

மதர்போர்டோ திரையோ போன கணினியை இந்த வழியில் காப்பாற்ற முடியாது. தாமதம் மட்டுமே நோயாக உள்ளவற்றைப் பிரித்தெடுக்க, முதலில் யாராவது திறந்து பார்க்க வேண்டும். தருமபுரி மாவட்டம் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களும் அரசு ஐ.டி.ஐ. மாணவர்களும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் இதை ஒரு பணியாக எடுத்துக்கொள்ளலாம். கிராமத்துக்குச் சேவை, மாணவருக்குச் செய்முறைப் பாடம், மின்னணுக் கழிவிலும் குறைவு. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய கணினியை, ஒரு வட்டின் விலைக்குப் பயந்து பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடக் கூடாது. அக்கா வாங்கிய மடிக்கணினியில் தம்பி படிக்கட்டும்.