காட்டுவதற்கு முன் கேளுங்கள்

டீ சூடாக இருக்கிறது. ஆறுவதற்குள் ஒரு கேள்வி. ஒரு பேட்டரி. அதோடு ஒன்றன்பின் ஒன்றாக, தொடர் இணைப்பில் இரண்டு பல்புகள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வாட்ஸ். சுவிட்சைப் போட்டால் எந்தப் பல்பு அதிக வெளிச்சமாக எரியும்? மனதுக்குள் ஒரு பதிலை முடிவுசெய்துகொண்டு மேலே படியுங்கள்.

இதே கேள்வியைப் பத்தாம் வகுப்பில் நான் கேட்பதுண்டு. மின்னோட்டவியல் பாடம் முடிந்த மறுநாள் கேட்டாலும், "பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கறதுதான் சார் நல்லா எரியும்" என்று சில குரல்கள் வரும். அந்தப் பிள்ளைகள் ஓம் விதியை எழுதச் சொன்னால் பிசகாமல் எழுதுவார்கள். மின்தடைக் கணக்கையும் போட்டுவிடுவார்கள். ஆனாலும் உள்ளே வேறொரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பி வருகிறது, முதல் பல்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது, மிச்சம்தான் அடுத்ததற்கு. உண்மையில் தொடர் இணைப்பில் எந்த இடத்தில் அளந்தாலும் மின்னோட்டம் ஒன்றே. இரண்டு பல்பும் ஒரே அளவில்தான் எரியும். பல்பு ஆற்றலைச் செலவழிக்கிறது, மின்னோட்டத்தை அல்ல.

இணையத்தை வகுப்புக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்கிற இளம் ஆசிரியர்களிடம் நான் இந்தப் பல்பிலிருந்துதான் பேச ஆரம்பிப்பேன். அவர்கள் வழக்கமாகக் கேட்பது எந்தச் சேனல், எந்த ஆப் என்று. நல்ல காணொளிக்கு இன்று பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடநூல்களிலேயே கியூஆர் கோடு அச்சிட்டுத் தந்தார்கள். அப்பாவின் போன் கையில் கிடைத்தால் பிள்ளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆகவே எதைக் காட்டுவது என்பது பெரிய சிக்கல் இல்லை. எப்போது காட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிள்ளை தானாக ஒரு பதிலை யோசித்துச் சொல்வதற்கு முன்பா, சொன்ன பிறகா?

டெரெக் முல்லர் என்பவரைப் பலருக்குத் தெரியும். 'வெரிட்டாசியம்' என்ற யூடியூப் சேனலை நடத்துகிறவர். அந்தச் சேனலைத் தொடங்குவதற்கு முன், சிட்னி பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு 2008-இல் முடிந்தது. இயற்பியல் காணொளிகள் எப்படி இருந்தால் மாணவர்கள் கற்கிறார்கள் என்பதே கேள்வி. ஒரு குழுவுக்குத் தெளிவான, சுருக்கமான விளக்கப் படத்தைக் காட்டினார். எளிதாக இருந்தது, நன்றாகப் புரிந்தது என்றார்கள். தேர்வு வைத்துப் பார்த்தால் மதிப்பெண் ஏறக்குறைய அசையவே இல்லை. ஆனால் தங்கள் விடை சரி என்ற நம்பிக்கை மட்டும் கூடியிருந்தது. இன்னொரு குழுவுக்குக் காட்டிய படத்தில், மாணவர்கள் பொதுவாகச் சொல்லும் தவறான பதிலை ஒருவர் சொல்லுவார். அதை எடுத்துப் பேசி, ஏன் சரியில்லை என்று விவாதித்து, பிறகு சரியான விளக்கத்துக்கு வருவார்கள். பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். மதிப்பெண் நன்றாக ஏறியிருந்தது அவர்களுக்குத்தான்.

இது ஏன் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தெளிவான படத்தைப் பார்க்கும் பிள்ளை, தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் இவர் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறது. படம் சொல்வதும் தான் நினைப்பதும் வேறு என்பது அதன் கண்ணில் படுவதே இல்லை. டீ மாஸ்டர் ஆற்றுவதை நாள் முழுக்கப் பார்த்திருக்கிறோம். நமக்கும் வரும் என்றே தோன்றும். கிளாஸைக் கையில் வாங்கினால்தான் தெரியும், டீ எங்கே போய் விழுகிறது என்று. கேள்விக்கு முதலில் பதில் சொல்லவைப்பது கிளாஸைக் கையில் கொடுப்பதுதான்.

இதற்கு உதவுகிற கருவி இணையத்தில் உண்டு. கார்ல் வீமன் 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். அறிவியலையும் கணிதத்தையும் கையால் இயக்கிப் பார்க்கும் சிமுலேஷன்கள் அதில் இருக்கின்றன. காசில்லை, பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால் நெட் இல்லாத நாளிலும் பிரவுசரில் ஓடும். கிராமத்துப் பள்ளிக்கு இந்தக் கடைசி வசதிதான் முதல் வசதி.

அதில் மின்சுற்று செய்கிற சிமுலேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி, ஒயர், பல்பு, சுவிட்ச், அம்மீட்டர் எல்லாம் ஓரத்தில் இருக்கும். இழுத்துவந்து சேர்த்தால் சுற்று தயார். ஒயருக்குள் எலக்ட்ரான்கள் சின்ன உருண்டைகளாக நகர்வது தெரியும். பல்புக்குள் நுழையும் உருண்டைகள் குறையாமல் அப்படியே வெளியே வருகின்றன. 'மிச்சம்தான் அடுத்ததற்கு' என்ற கதைக்கு இதைவிட நேரான பதில் கரும்பலகையில் கிடைக்காது.

ஆனால் இதையும் எடுத்தவுடன் திரையில் போட்டுவிடக் கூடாது. நான் கடைப்பிடிக்கும் வரிசையைச் சொல்கிறேன். கரும்பலகையில் படம் வரைகிறேன். ஏ என்ற பல்பு தொடரில் இருக்கிறது. அதைத் தாண்டி பி, சி இரண்டும் பக்க இணைப்பில். மூன்றும் ஒரே மாதிரி பல்புகள். இப்போது சி-யைக் கழற்றிவிட்டால் ஏ என்ன ஆகும், பி என்ன ஆகும்? கூடுமா, குறையுமா, மாறாதா? ஒவ்வொருவரும் நோட்டில் பதிலை எழுதவேண்டும். பிறகு விரல்களை நெஞ்சோடு சேர்த்துக் காட்டவேண்டும்: கூடும் என்றால் ஒன்று, குறையும் என்றால் இரண்டு, மாறாது என்றால் மூன்று. நெஞ்சோடு சேர்த்து என்பது முக்கியம். பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து விரல் மாறாது.

விரல்கள் பலவிதமாக இருந்தால் வகுப்பு சூடு பிடித்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவரிடம் பேசி ஒத்துக்கொள்ள வைக்கச் சொல்கிறேன். இந்த முறை என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டில் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து செய்துவந்தது; 1997-இல் புத்தகமாகவும் எழுதினார். தன் மாணவர்களுக்கு நியூட்டன் விதிகள் நன்றாகத் தெரியும் என்று நம்பியிருந்தவர் அவர். கணக்கே இல்லாத எளிய கருத்துக் கேள்விகளைக் கொடுத்தபோது, நீங்கள் நடத்தியபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டாராம்.

பேசி முடித்து, மறுபடி விரல் காட்டிய பிறகுதான் திரை. சி-யைக் கழற்றுகிறோம். ஏ மங்குகிறது, பி கூடுதலாக எரிகிறது. "ஐயோ" என்று ஒரு பக்கமும் "சொன்னேன்ல" என்று ஒரு பக்கமும் சத்தம் வரும். அந்தச் சத்தம் அடங்கும்முன் 'ஏன்' என்று கேட்டுவிடவேண்டும். சி போனதும் ஒரு பாதை குறைந்தது. மொத்த மின்தடை கூடியது. பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் குறைந்தது. அதனால் ஏ மங்கியது. முன்பு பி-யும் சி-யும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டதை இப்போது பி தனியாக வாங்குகிறது; அதனால் பி கூடியது. இந்த விளக்கத்தை முதல் பத்து நிமிடத்தில் நானே சொல்லியிருந்தால் எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

நிஜ பல்பையும் ஒயரையும் கைவிடலாமா என்றால், கூடாது. நோவா ஃபிங்கல்ஸ்டீனும் உடன் பணியாற்றியவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கருவிகளுக்குப் பதிலாகச் சிமுலேஷனில் பயின்ற மாணவர்கள் கருத்துக் கேள்விகளில் முந்தினார்கள். நிஜச் சுற்றையும் நன்றாகவே இணைத்தார்கள். ஆனாலும் திரை சில விஷயங்களை மறைக்கும். உருண்டைகள் கண்ணுக்குத் தெரியும்படி ஓடுகின்றன. நிஜத்தில் எலக்ட்ரான்களின் நகர்வு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. திரையில் இரண்டு பல்பு என்றால் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். கடையில் வாங்கிய இரண்டு டார்ச் பல்புகள் அப்படி இருக்காது. அதனால் சிமுலேஷனுக்குப் பிறகு செல்லையும் பல்பையும் மேசைமேல் வைத்து, திரையில் வந்தது இங்கே ஏன் கொஞ்சம் மாறுகிறது என்று கேட்கிறேன். அந்தக் கேள்விக்குப் பாடநூலில் மதிப்பெண் இல்லை. அறிவியல் அங்கேதான் இருக்கிறது.

ஆசிரியர் தனக்காகப் படிக்கும்போதும் இதே வரிசைதான். என்பிடெல் இணையதளத்துப் பாடமோ வேறு விரிவுரையோ பார்க்க உட்காரும்போது, தலைப்பைப் படித்துவிட்டு நிறுத்தி, இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை ஒரு தாளில் நாலு வரி எழுதிவிடுவேன். பார்த்து முடித்ததும் திரையை மூடிவிட்டு, நினைவிலிருந்து மறுபடி எழுதுவேன். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனை இதற்குத் துணை. ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்கள், ஒரு முறை படித்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் என்று இரண்டு வகை. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது இரண்டு முறை படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது. திரும்பப் படித்தவர்களுக்கு 42. வகுப்பு முடியும் மணியோசையில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நாம் முடிவுகட்டுவது அந்த ஐந்து நிமிடக் கணக்கை வைத்துத்தான்.

ஆகவே நாளைக்கு ஏதாவது ஒரு காணொளியையோ சிமுலேஷனையோ தேர்ந்தெடுக்கும்போது, அதற்கு முன்னால் கேட்க ஒரு கேள்வி உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி வகுப்பாவது தவறாகச் சொல்லக்கூடிய கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் அந்தக் காணொளியை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தால், பாடம் முடிந்த அடுத்த வாரம் அதே கேள்வியைப் பல்புகளை இடம் மாற்றி, திரை இல்லாமல் மறுபடி கேளுங்கள். அன்றைக்கு நோட்டில் வருகிற பதிலை வைத்துத்தான் அந்தக் காணொளி உங்கள் வகுப்புக்கு நல்லதா இல்லையா என்று சொல்லமுடியும். அதன்கீழ் விழுந்திருக்கும் லைக்குகளை வைத்து அல்ல.